யார் பார்த்தது? – "புரஹந்த களுவர" குறித்து ஒரு வாக்குவாதம்

கனடாவில் வாழும் நீண்டகால நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எது என்று யாரோ கேட்டதற்கு, பிரசன்ன விதானகேயின் "புரஹந்த களுவர" என்று நான் பதில் சொன்ன செய்தி அவரை எட்டியிருக்கிறது. "மச்சான், முப்பது வருசமாய்த் தமிழ்ப் பத்திரிகையில எழுதுறாய். கடைசியில உனக்குப் பிடிச்ச படம் ஒரு சிங்கள ஆமிக்காரன்ரை தகப்பனைப் பற்றின படமோ?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து உரையாடலை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். ஆனால் அவருடைய கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

அதே வாரத்தில் கொழும்பில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். அங்கே இதே படத்தைப் பற்றிப் பேசிய ஒருவர், இது இனங்களைக் கடந்த மனிதாபிமானக் காவியம் என்றும், ஒரு தந்தையின் பாசமே இதன் உயிர்நாடி என்றும் சொன்னார். சபையினர் கைதட்டினர். நான் கைதட்டவில்லை. நண்பரின் கோபத்தோடு எனக்கு எவ்வளவு கருத்து வேறுபாடு உண்டோ, அந்தப் பாராட்டோடும் அவ்வளவு உண்டு. ஒருவர் படத்தைப் பாராமலே தள்ளுகிறார். மற்றவர் படத்தைப் பார்த்துவிட்டு அதன் பல்லைப் பிடுங்குகிறார். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997 இல் உருவான படம் இது. ஓடும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் மட்டுமே. மழை பொய்த்துக் குளம் வற்றிப்போன ஓர் உலர்வலயக் கிராமம். அங்கே வன்னிஹாமி என்றொரு கிழவர். கண் தெரியாதவர். அவருடைய ஒரே மகன் பண்டார இராணுவத்தில் சேர்ந்து வடக்கே போர்முனையில் இருக்கிறான். ஒருநாள் தேசியக்கொடி போர்த்திய, முத்திரையிட்டு மூடிய சவப்பெட்டியில் அவனுடைய "உடல்" வீட்டுக்கு வருகிறது. பெட்டியைத் திறக்கக்கூடாது என்பது கட்டளை. இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்து முடிகிறது. ஊர் அழுகிறது, சகோதரிகள் அழுகிறார்கள். வன்னிஹாமி மட்டும் நம்பவில்லை. பிறகு நட்டஈட்டுப் படிவம் வருகிறது. தந்தை கையொப்பமிட்டால் பணம் கிடைக்கும். மகன் கட்டத் தொடங்கிய வீடு அரைகுறையாக நிற்கிறது. இளைய மகளின் கலியாணம் காத்திருக்கிறது. எல்லோரும் கிழவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அவரோ மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மகனின் புதைகுழிக்குப் போகிறார். பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே மனித உடல் இல்லை.

கதை இவ்வளவுதான். ஒரு துப்பாக்கிச் சண்டை இல்லை. ஒரு குண்டு வெடிக்கவில்லை. எதிரி என்று எவரும் திரையில் வருவதே இல்லை. அப்படியிருந்தும், நமது நாட்டுப் போரைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதற்கு நிகரான இன்னொன்றை நான் கண்டதில்லை. ஏன் என்பதைத்தான் விளக்க முயல்கிறேன்.

முதலில் வன்னிஹாமியை எடுத்துக்கொள்வோம். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவரை "வெகுளி" என்றார்கள். மகன்மேல் வைத்த பாசத்தால் மரணத்தை ஏற்க மறுக்கும் பேதை என்றார்கள். வேறு சிலர் மறுகோடிக்குப் போய், புறக்கண் இல்லாதவருக்கு அகக்கண் திறந்திருக்கிறது என்று அவரை ஒரு ஞானியாக்கினார்கள். இரண்டும் தவறு என்பதே என் வாதம். வன்னிஹாமி பேதையும் அல்லர், ஞானியும் அல்லர். அந்த ஊரிலே சாட்சி கேட்கிற ஒரே மனிதர் அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். கண் உள்ளவர்கள் எதைக் கண்டார்கள்? ஒரு பெட்டியைக் கண்டார்கள். அதன்மேல் கொடியைக் கண்டார்கள். சீருடை அணிந்தவர்களின் விறைத்த வணக்கத்தைக் கண்டார்கள். பண்டாரவை யாரும் காணவில்லை. ஆனாலும் அவன் இறந்துவிட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள். கொடியும் சீருடையும் முத்திரையும் சேர்ந்து சாட்சியின் இடத்தில் அமர்ந்துகொண்டன. கண் தெரியாதவருக்கோ கொடி வெறும் துணி; பெட்டி வெறும் பலகை. அவருக்குச் சாட்சி என்பது தொடுகை. மகனின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தால் அவர் நம்பியிருப்பார். அதற்குத்தான் பெட்டி இடம் கொடுக்கவில்லை. ஆகவே அவர் மறுப்பது மரணத்தை அன்று. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ளத்தான் அவர் மறுக்கிறார். இதைப் பாசம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அந்த மனிதரின் அறிவை அவமதிப்பதாகும். நீதிமன்றத்தில் ஒரு நல்ல சட்டத்தரணி என்ன கேட்பாரோ அதைத்தான் அந்தக் கிழவர் கேட்கிறார்.

அடக்கம் முடிந்தபின் மகன் எழுதிய கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்துசேர்கிறது. முன்னரே எழுதி அஞ்சலில் தாமதித்த கடிதம் என்பது ஊராரின் விளக்கம். இருக்கலாம். ஆயினும் கிழவரின் தராசில் அந்தக் கடிதம் ஒரு சான்று. மூடிய பெட்டி சான்று அன்று. எடை போட்டுப் பார்த்தால் அவர் பக்கமே தாழ்கிறது.

இந்தப் பாத்திரத்தைச் சுமந்தவர் ஜோ அபேவிக்ரம. நகைச்சுவை நடிகராகவே சிங்கள இரசிகர்கள் நெடுங்காலம் அறிந்திருந்தவர். "வெலிகத்தர" படத்தில் கோரிங் முதலாளியாக வந்து எல்லோரையும் மிரட்டியவரும் அவரே. வன்னிஹாமியாக நடிக்கும்போது அவருக்கு வயது எழுபதை அண்மித்திருந்தது. 1999 இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் இப்பாத்திரத்துக்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார். 2011 இல் காலமானார். அவர் இந்தப் படத்தில் அழுவதில்லை, கத்துவதில்லை, வசனமும் மிகக் குறைவு. வற்றிய குளத்துப் பூமியில் கோலை ஊன்றி அவர் நடக்கும் நடை ஒன்றே போதும். அந்தப் பாதை அவருடைய காலுக்குத் தெரிந்த பாதை. காலுக்குத் தெரிந்ததை மட்டும் நம்பி நடக்கும் ஒருவர், காதுக்குச் சொல்லப்பட்டதை நம்ப ஏன் தயங்குகிறார் என்பதை அந்த நடையே விளக்கிவிடுகிறது.

அவருடைய பெயரையும் கவனியுங்கள். வன்னிஹாமி. யுத்தம் எந்த நிலத்துக்காக நடந்ததோ அந்த நிலத்தின் பெயர் அந்தச் சிங்களக் கிழவரின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இயக்குநர் எண்ணித்தான் வைத்தாரோ, அந்தப் பகுதிகளில் வழங்கும் பெயர் என்பதால் வைத்தாரோ, என் காதில் அது சும்மா ஒலிக்கவில்லை.

இனி மற்றப் பாத்திரங்களுக்கு வருவோம். இந்தப் படத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது என்பேன். வன்னிஹாமியை நெருக்குகிறவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். கிராம சேவகர் தன் கடமையைச் செய்கிறார். படிவத்தைக் கொண்டுவருவதும் அவர் நல்லெண்ணத்தில்தான். அந்தப் பணம் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கவேண்டும் என்றே விரும்புகிறார். மகளுக்குத் தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை; ஆனால் வீட்டில் அரிசி வேண்டும். ஊராருக்கும் இரக்கம் உண்டு. ஒரு வில்லன் இருந்திருந்தால் நாம் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். படம் அந்த நிம்மதியைத் தரவில்லை. ஒரு பொய் நிலைபெறுவதற்குப் பொய்யர்கள் மட்டும் போதாது. களைத்துப்போன நல்லவர்களும் வேண்டும் என்று அது காட்டுகிறது.

அந்தப் படிவம் உண்மையில் என்ன கேட்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு கொடுப்பனவுக்கான விண்ணப்பம். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்நிபந்தனை, மகன் இறந்துவிட்டான் என்று தந்தை ஒப்புக்கொள்வது. அரசாங்கம் தான் சொன்ன மரணத்துக்குத் தந்தையின் கையொப்பத்தைக் கேட்கிறது. கையொப்பம் இட்ட கணத்தில் அரசாங்கத்தின் வார்த்தை தந்தையின் வார்த்தையாகிவிடும். அதன் பிறகு அவர் வாய்திறக்க முடியாது. "நீர்தானே கையெழுத்து வைத்தீர்?" என்ற ஒரு கேள்வி போதும். படத்தின் மையக் கரு பாசம் அன்று. போர் கொடியது என்ற பொதுவான அறிவுரையும் அன்று. யார் இறந்தார், யார் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வியே அதன் கரு.

இதை நான் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு இது சொந்த வீட்டுச் சங்கதி. இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

1996 இல் யாழ்ப்பாணக் குடாநாடு இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததன் பின் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் காணாமற்போனார்கள். என் பெரியம்மாவின் மகன் அவர்களில் ஒருவன். வயது இருபத்திரண்டு. சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. காவலரணில் மறித்துக் கொண்டுபோனதைக் கண்டவர்கள் உண்டு. பெரியம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கினார். ஓரிடத்திலும் பதில் இல்லை.

காணாமற்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லாதவருக்கு மரணச் சான்றிதழ் பெறுவதற்கு 1995 ஆம் ஆண்டின் சட்டமொன்று வழிசெய்திருந்தது. அதைக் கொண்டு நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் திருகோணமலையிலிருந்து கப்பலேறி ஊருக்குப் போனேன். பெரியம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசி வந்திருந்தது, கையில் காசில்லை. விதானையார் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெரியம்மா அதைத் தொடவும் இல்லை. கொழும்பில் பத்திரிகையில் வேலை பார்க்கும் படித்த பிள்ளை சொன்னால் கேட்பார் என்று வீட்டார் என்னை விட்டார்கள்.

நான் பேசினேன். பக்குவமாகத்தான் பேசினேன். போனவன் போய்விட்டான், இருக்கிற பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்றேன். இது வெறும் கடுதாசி, உங்கள் மனதில் இருப்பதை யாரும் பறிக்கப்போவதில்லை என்றேன். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆர் பாத்தது தம்பி? நீ பாத்தனியோ? விதானையார் பாத்தவரோ? ஒருத்தரும் பாக்காத செத்தவீட்டுக்கு நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் பேசாமல் எழுந்து வந்திருக்கவேண்டும். நான் வரவில்லை. மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் நெருக்கினேன். மூன்றாம் நாள் அவர் கையெழுத்து வைத்தார். படிவத்தை நிரப்பியது என் பேனா. "மரணத்துக்கான காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்பதை இங்கே சொல்ல எனக்குத் துணிவில்லை. தங்கையின் கலியாணம் ஒப்பேறியது. ஆனால் அதன்பின் பெரியம்மா என்னோடு மகனைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. மற்றவர்களோடு பேசுவார், நான் போனால் நிறுத்திவிடுவார்.

அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு திரையரங்கில் "புரஹந்த களுவர" பார்த்தேன். சிங்களப் பத்திரிகை நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல் நடந்து சில மாதங்களே ஆகியிருந்த காலம். போகும் வழியில் இரண்டிடத்தில் அடையாள அட்டையைக் காட்டினேன். இருட்டில் அமர்ந்து அந்தக் கிழவரைப் பார்த்தபோது எனக்குப் பெரியம்மாவின் குரல் கேட்டது. அவர் பக்கத்தில் படிவத்தோடு நிற்கிற நல்ல மனிதர்களைப் பார்த்தபோது நான் என்னைக் கண்டேன். கனடா நண்பருக்கு என் முதற் பதில் இதுதான்: அந்தப் படத்தில் நான் சிங்களத் தகப்பனைப் பார்க்கப் போகவில்லை. போன இடத்தில், கையொப்பம் கேட்டு நிற்கும் என்னைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி, இந்தப் படத்தை அரசாங்கம் ஏன் அஞ்சியது என்ற கேள்விக்கு வருகிறேன். 1997 இல் உருவாகி வெளிநாட்டு விழாக்களில் பரிசு பெற்ற படம் இலங்கையில் திரைக்கு வரவிருந்தபோது, 2000 ஆம் ஆண்டில் அதிகாரத்திலிருந்தவர்கள் அதைத் தடுத்துவைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்திருந்தது. போர்ச் சூழலில் இப்படம் ஏற்றதன்று என்பது சொல்லப்பட்ட காரணம். பிரசன்ன விதானகே உச்ச நீதிமன்றம் சென்றார். 2001 இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, படம் வெளிவந்தது. போர்க்காலத்தில் ஒரு கலைஞன் அரசாங்கத்தை நீதிமன்றத்தில் வென்றது இந்த நாட்டில் சிறிய விடயமன்று.

ஆனால் எதைத் தடுத்தார்கள் என்று பாருங்கள். படத்தில் இராணுவத்தை இழிவுபடுத்தும் காட்சி ஒன்றுமில்லை. புலிகளைப் புகழும் வசனமில்லை. யுத்தத்தை நிறுத்துங்கள் என்று யாரும் பேசவில்லை. ஒரு கண் தெரியாத கிழவர் ஒரு பெட்டியைத் திறக்கிறார், அவ்வளவே. அவர்களுக்குப் பயம் அந்தப் பெட்டிதான். 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் மாண்டனர். 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியிலும் பெருந்தொகையானோர் மாண்டனர், பலர் காணாமற்போயினர். அவர்களின் பெற்றோர் பின்னர் சங்கமாகவே ஒன்றுசேர்ந்து தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். தெற்கில் எத்தனையோ வீடுகளின் முன்றிலில் பெட்டிகள் வந்து இறங்கின. அத்தனை தகப்பன்மாரும் ஒரே நாளில் மண்வெட்டியைத் தூக்கினால் என்னவாகும்? போரை நடத்துவதற்குத் துப்பாக்கி மட்டும் போதாது. திறக்கப்படாத பெட்டிகளும் வேண்டும்.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிடுவார் என்று தெரியும். "சிங்களத் தகப்பனுக்குப் பெட்டியாவது வந்தது, கொடி போர்த்தினார்கள், காசு கொடுக்க வந்தார்கள். எங்கடை தாய்மாருக்கு என்ன வந்தது?" இந்தக் கேள்வி நியாயமானது. இதற்குத் தலைவணங்காமல் மேலே பேச எனக்கு உரிமையில்லை. இரண்டும் ஒன்றல்ல. வன்னிஹாமிக்கு அரசாங்கம் ஒரு பொய்யையாவது மரியாதையோடு கொண்டுவந்து கொடுத்தது. பெரியம்மாவுக்கு அந்தப் பொய்கூடக் கொடுக்கப்படவில்லை. காவலரணில் நின்றவன், "அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை" என்றான். ஒருவருக்கு வெறும் பெட்டி. மற்றவருக்கு வெறும் கை.

அப்படியானால் படம் இதை மறைக்கிறதா? இல்லை என்கிறேன். படத்தில் தமிழர் எவரும் வருவதில்லை. வந்து ஒரு சிங்களத் தாயும் ஒரு தமிழ்த் தாயும் கட்டிப்பிடித்து அழுதிருந்தால் கொழும்புக் கருத்தரங்குகளுக்கு இன்னும் இனித்திருக்கும். விதானகே அந்த மலிவான வேலையைச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த வீட்டுக்குள் நின்று, தன் மக்களிடம் தன் மொழியில், உங்கள் அரசாங்கம் உங்களுக்கே இதைச் செய்கிறது என்று சொன்னார். நம்மைப் பற்றி நமக்குச் சொல்ல அவர் தேவையில்லை. அவர்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத்தான் அவர் தேவை. அதைச் செய்ததற்காக அவருடைய படம் முடக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மறந்தோம். 2014 இல் அதே விதானகேயின் "ஒப நெதுவ ஒப எக்க" என்ற படம் சென்னையில் திரையிடப்படவிருந்தபோது, தமிழ் உணர்வின் பெயரால் வந்த எதிர்ப்பினால் காட்சிகள் நிறுத்தப்பட்டன. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் முன்னாள் சிங்களப் படையாள் ஒருவனுக்கும் இடையிலான உறவையும், அந்த உறவு அவனுடைய கடந்தகாலத்தில் மோதி உடைவதையும் சொல்லும் படம் அது. எதிர்த்தவர்களில் எத்தனைபேர் அதைப் பார்த்திருப்பார்கள்? பார்க்காமலே தீர்ப்புச் சொல்வதும், பெட்டியைத் திறக்காதே என்பதும் ஒரே பரம்பரையில் பிறந்தவை. கொழும்பில் அதிகாரம் செய்ததைச் சென்னையில் ஆவேசம் செய்தது. நண்பரே, வன்னிஹாமியின் ஊரில் பிறந்திருந்தால் நீங்களும் நானும் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று ஒருமுறை நேர்மையாக யோசியுங்கள்.

இனி மனிதாபிமானக் காவியம் என்று மெச்சியவருக்கு. ஐயா, "எல்லா இனத்திலும் தகப்பன் தகப்பன்தான்" என்ற உங்கள் வசனம் உண்மைதான். ஆனால் அதனால் யாருக்கும் நட்டமில்லை. அதைச் சொல்லிவிட்டு அமைச்சரும் கைதட்டலாம், தளபதியும் கைதட்டலாம். இந்தப் படமோ ஒரு குறிப்பான குற்றச்சாட்டை வைக்கிறது: மக்கள் பார்க்காத மரணத்தை ஒப்புக்கொள்ளுமாறு ஓர் அரசு அவர்களின் வறுமையைக் கொண்டு அவர்களை நெருக்குகிறது. பாசம் என்ற சர்க்கரைப்பாகில் தோய்த்து இந்தக் குற்றச்சாட்டை விழுங்கிவிடாதீர்கள். வன்னிஹாமியை அழகான துயரமாக்கிச் சுவரில் மாட்டிவிடுவதும் ஒருவகை அடக்கந்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெட்டி வெறுமையாக இருந்ததால் கிழவர் சொன்னது சரி, மகன் உயிரோடு இருக்கிறான் என்று சிலர் மகிழ்கிறார்கள். படம் அப்படிச் சொல்லவே இல்லை. பண்டார வேறெங்கோ இறந்து கிடக்கலாம். உடல் கிடைக்காமலே பெட்டி அனுப்பப்பட்டிருக்கலாம். வன்னிஹாமியின் நம்பிக்கை சரியா பிழையா என்று நமக்குத் தெரியாது. அவருடைய கேள்வி சரி என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. பெட்டியைத் திறந்ததால் அவருக்கு மகன் கிடைக்கவில்லை. கையில் வரவிருந்த பணத்துக்கும் இனி ஆதாரமில்லை. இரண்டையும் இழந்தும் ஒருவர் நிமிர்ந்து நிற்க முடியும் என்பதுதான் அந்த முடிவின் கனம்.

இது பழைய கதை என்று யாரும் எண்ணவேண்டாம். 2016 இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தார்கள். 2020 சனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்றும், விசாரணையின் பின் மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியிடம் சொன்னார். 2022 மார்ச்சில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இலட்சம் ரூபா வழங்க அமைச்சரவை முடிவெடுத்தது. கொட்டகையிலிருந்த தாய்மார் வேண்டாம் என்றார்கள். நட்டஈடு கேட்டு நாங்கள் இங்கே இருக்கவில்லை, பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் "புரஹந்த களுவர" என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னது வன்னிஹாமி சொன்னதேதான்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் படித்தவர்கள் சிலர், "ஏன் இந்தப் பிடிவாதம்? வறுமையில் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாமே" என்று எழுதினார்கள். வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என் பேனாவே ஒருத்தியை வாங்கவைத்தது. ஆனால் மறுத்தவர்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி: யார் பார்த்தது?

1998 இல் கிருசாந்தி கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னான். 1999 இல் தோண்டினார்கள், பதினைந்து எலும்புக்கூடுகள் கிடைத்தன, அதோடு நிறுத்தினார்கள். நான் படிவத்தோடு பெரியம்மாவிடம் போனது அதற்கு அடுத்த ஆண்டு. 2025 இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் தோண்டினார்கள். 200 க்கும் அதிகமானோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறு குழந்தைகளின் எலும்புகளும், ஒரு பள்ளிக்கூடப் பையும், ஒரு பொம்மையும் வெளிவந்தன. கண்டெடுத்த பொருள்களை வரிசையாக வைத்து, இவற்றில் எதையாவது அடையாளம் காண முடிகிறதா என்று உறவினரை அழைத்துக் காட்டினார்கள்.

பெரியம்மா அதைப் பார்க்க இருக்கவில்லை. அவர் 2019 இல் காலமாகிவிட்டார். தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்து தொலைபேசியில் பேசினாள். அண்ணனுடையது என்று சொல்ல எதுவும் அங்கே இருக்கவில்லையாம். இல்லை என்றும் சொல்ல முடியவில்லையாம். சிறிது நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு அவள், "அண்ணை, அந்தச் சேட்டிபிக்கற்றை இப்ப திருப்பிக் குடுக்க ஏலுமோ?" என்று கேட்டாள்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். இன்னும் சொல்லவில்லை.